நெருப்பைத் துறந்த நாற்பத்தெட்டு நாட்கள்

ஜூன் 3, திங்கள்

இந்த வருட டைரி தற்சமயம் கைவசம் இல்லை. அது வேறொருவர் பொறுப்பில் இருக்கிறது. ஆகவே இந்தக் கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன். முப்பத்தாறு வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறவன், டைரி இல்லை என்பதற்காக நிறுத்திவிட முடியாது.

புது நோட்டு என்பதால் முறைப்படி ஆரம்பிக்கிறேன். பெயர்: ப. குற்றாலலிங்கம். வயது 64. தென்காசி பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி உலகம்மாள், மதுரையில் இருக்கும் மகள் பகவதி வீட்டுக்குப் போயிருக்கிறாள். புறப்பாடு மே 19, காலை 5.30 வண்டி. திரும்பும் நேரம் இன்னும் அறிவிக்கப்படவில்லை.

நேற்றுக் காலை 6.50க்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அடுப்பு அணைந்தது. சிலிண்டர் காலி. பக்கத்திலேயே நிறைந்த சிலிண்டர் ஒன்று நிற்கிறது. இதிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி அதில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். 7.00 முதல் 8.10 வரை முயன்றேன். 8.10க்கு அது 'உஸ்' என்றது. நான் வாசலுக்கு வந்துவிட்டேன். பயத்தால் அல்ல, காற்றுக்காக. பிறகு ஒரு வழியாக உள்ளே போய் மூடியைப் போட்டு அழுத்திவிட்டு வந்தேன்.

யாரையாவது கூப்பிடலாம். கூப்பிட்டால் உலகம்மாள் எங்கே, ஏன் போனாள், எப்போது வருவாள் என்று கேள்வி நீளும். ஓட்டலுக்குப் போகலாம். போனால் பழைய கண்டக்டர்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் அதே கேள்விதான். ஆகவே நேற்றும் இன்றும் வாழைப்பழம். நேற்று நாட்டுப்பழம் ஒன்பது, இன்று பதினொன்று.

ஜூன் 4

எதிர்வீட்டு திரவியம் சார் காலை 7.20க்கு வந்தார். உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறாமல் கழுத்தில் தொங்குகிறது. ஆறு வருடமாகச் சமைத்த உணவைத் தொடாதவர். 'கனி வாழ்வு மன்றம்' என்று ஒன்றை நடத்துகிறார். இத்தனை நாள் அவரைத் தூரத்தில் பார்த்தாலே நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொள்வேன்.

"என்ன லிங்கம் அண்ணாச்சி, ரெண்டு நாளா உங்க வீட்டுல தாளிக்கிற சத்தமே கேக்கல. கையில பழமாத் தொங்குது. நீங்களும் நம்ம பாதைக்கு வந்துட்டீங்களோ?"

மூன்று வினாடி யோசித்தேன்.

"ஆமா சார். நெருப்பத் துறந்துட்டேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும் அண்ணாச்சி, உங்களுக்குள்ள ஒரு தேடல் இருக்குன்னு. நெருப்பு பட்ட ஒடனே உணவு செத்துப் போகுது. நாம செத்ததத் தின்னுட்டு வாழப் பாக்கோம். பழம் மட்டுந்தான் மரம் தானா மனசு வச்சுக் குடுக்கது. நீங்க பறிக்காட்டியும் அதுவா விழுந்து, எடுத்துக்கோங்கும். யாரு எடுத்தாலும் ஒண்ணுதான் அதுக்கு. அதான் அருள். ஒரு மண்டலம் இருந்து பாருங்க, நாப்பத்தெட்டு நாள்."

மரம் மனசு வைத்துக் கொடுக்கிறது என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அவரிடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நேற்றே முதல் நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். மண்டலம் ஜூலை 20இல் முடியும். அதற்குள் உலகம்மாள் வந்துவிடுவாள். சிலிண்டர் விஷயம் தானாகவே தீரும்.

ஜூன் 6

காலை 7.30. பப்பாளி. சப்பை. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மன்றக் கூட்டம். திரவியம் சார் வீட்டு மொட்டை மாடி, காலை 6.30. உறுப்பினர்கள் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். விசில் ஊதினால் கண்ணை மூட வேண்டும். மறு விசில் ஊதினால் திறக்க வேண்டும். நடுவில் இருப்பது தியானம். எனக்குப் பழக்கமான ஏற்பாடு என்பதால் உடனே பிடிபட்டது. ஒரு விசிலில் வண்டியை எடுக்கவைத்தே முப்பது வருடம் ஓட்டியவன் நான்.

தியானம் முடிந்ததும் சண்டை. நனைத்த அவல் சமைத்த உணவா, சமைக்காத உணவா? நெல்லை ஊறவைத்து வறுத்துத்தான் இடிக்கிறார்கள், ஆகவே அது செத்தது என்று ஒரு தரப்பு. நம் வீட்டு அடுப்பில் ஏறவில்லையே என்று மறு தரப்பு. புதிதாக வந்தவர் நடுநிலையானவர் என்று என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள்.

"வண்டி எங்க பொறப்பட்டுச்சுன்னுதான் பாக்கணும். நம்ம ஸ்டாண்டுக்குள்ள எப்ப வந்துச்சுங்கது அப்புறம். அவலு நெருப்புல இருந்துதான் பொறப்படுது" என்றேன்.

திரவியம் சார், "ஆகா" என்றார். அவல் விலக்கப்பட்டது. அவல் தரப்பில் இருந்த ஓய்வு பெற்ற தபால்காரர் என்னை முறைத்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான், அவலாவது மிஞ்சியிருக்குமே என்று தோன்றியது. என் வாயால் நானே கெடுத்துக்கொண்டேன்.

ஜூன் 13

பகவதி போன் செய்தாள். மாலை 4.15.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்பாடு?"

"சாத்வீகமான சாப்பாடு."

பின்னால் யாரோ கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்படித் தட்டுகிற கை எனக்குத் தெரியும்.

"அப்பா, அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா. முப்பத்தாறு டைரி இருக்குல்லா. அதுல எந்த மூலையிலயாவது அவ சமையல் நல்லாருந்துச்சுன்னு ஒரு வரி இருந்தா காட்டச் சொல்லுதா. ஒரே ஒரு வரி. அன்னிக்கே பஸ் ஏறி வாராளாம்."

"இல்லன்னா?"

"இல்லன்னா இங்கயே இருந்துக்கிடுதாளாம்."

சரி, நடந்ததை எழுதிவிடுகிறேன். மே 18 அன்று உலகம்மாள் பரணைச் சுத்தம் செய்யப் போனாள். பழைய டைரிகள் கிடைத்தன. காலை 10.00 மணிக்கு ஏறியவள் மதியம் 2.30 வரை இறங்கவில்லை. சாப்பாடு தாமதம் என்று கீழே இருந்து இரண்டு தடவை குரல் கொடுத்தேன். இறங்கி வந்து சோற்றைப் போட்டுவிட்டு, மேஜை மேல் இருந்த இந்த வருட டைரியையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் 5.30 வண்டி.

என் தரப்பையும் எழுத வேண்டும். நேரக் காப்பாளர் பதிவேட்டில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. சரியான நேரத்துக்கு வந்த வண்டிக்கு அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுத மாட்டோம். தாமதம், பஞ்சர், கண்ணாடி உடைப்பு, இவற்றைத்தான் எழுதுவோம். கட்டம் காலியாக இருந்தால் எல்லாம் நலம் என்று அர்த்தம். இதை அவளுக்கு விளக்கினேன். "என் பொழப்பு என்ன பதினாலாம் நம்பர் வண்டியா?" என்று கேட்டாள்.

ஜூன் 15

ஒரு வரிதானே. முப்பத்தாறு வருடத்தில் ஒரு வரி கிடைக்காமலா போகும்? டைரிகளை எல்லாம் கீழே இறக்கி வருட வாரியாக அடுக்கினேன். காலை 8.00 மணிக்கு மாம்பழம் இரண்டு (நீலம், நார் அதிகம்). 8.20க்கு வேலை ஆரம்பம்.

1988, பிப்ரவரி: 'இட்லி 8.05. ஐந்து நிமிடம் தாமதம். சட்னியில் காரம் கூட.' தேதியைப் பார்த்தேன். கல்யாணமாகி நாலாம் நாள்.

1993: 'ரசத்தில் புளி முந்திவிட்டது.'

1999: 'தோசை ஓரம் கருகல். சொன்னேன். பதில் இல்லை.' அடுத்த பக்கத்திலும் அதே கருகல், அதே பதில் இல்லை.

2003இல் ஒரு நாள், 'இன்று குறை ஒன்றும் இல்லை' என்று இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அடுத்த வரி: 'உலகம்மாள் ஊரில் இல்லை.' உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 19

காப்பிக் கொட்டையும் ஒரு பழத்தின் விதைதானே என்று திரவியம் சாரிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். வறுத்ததா என்றார். பேச்சை மாற்றிவிட்டேன்.

ஜூன் 20

பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டு வந்தேன். வடைக் கடைக்குக் கிழக்குப் பக்கம் பத்து நிமிடம் நின்றேன். காற்று மேற்கிலிருந்து. மணம் உணவில் சேராது என்பது என் கட்சி. மன்றத்தில் இதை விவாதத்துக்கு வைக்கவில்லை.

ஜூன் 22

விஷயம் கை மீறிப் போய்க்கொண்டிருக்கிறது. திரவியம் சார் போகிற இடமெல்லாம், 'நெருப்பைத் துறந்த லிங்கம் ஐயா' என்று சொல்லிவிட்டு வருகிறார். இன்று காலை 9.40க்கு மேலத்தெருப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்கள்.

"சாமி, என் வீட்டுக்காரருக்கு எதுக்கெடுத்தாலும் கோவம். தட்டத் தூக்கி எறியுதாரு. என்ன பழம் குடுத்தா சரியாகும்?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

தட்டைத் தூக்கி எறிகிற ஆளுக்குப் பழம் என்ன செய்யும்? ஆனால் அவள் நம்பிக்கையோடு நின்றாள். கொய்யாப்பழம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, காலை 7.15க்கு வெறும் வயிற்றில் சாப்பிடச் சொன்னேன். நேரத்தைச் சொன்னால்தான் ஒரு கனம் வருகிறது. 7.15 என்றதும் நாலு பேரும் கும்பிட்டார்கள்.

"மதினி எங்க சாமி?"

"அவளும் ஒரு தவத்துல இருக்கா."

பொய் இல்லை என்றே நினைக்கிறேன். போகும்போது மாதுளை நாலு வைத்துவிட்டுப் போனார்கள். மறுக்கவில்லை. நான் தட்டை எறிந்தவன் இல்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன். ஒருநாளும் எறிந்ததில்லை. எழுதி மட்டும்தான் வைத்தேன்.

ஜூன் 25

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது; சாரல் இங்கே வரை வருகிறது. காலை 10.00 மணிக்குப் பலாச் சுளை ஏழு சாப்பிட்டேன். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது, கயிறு கட்டியிருக்கிறேன்.

ஒன்றை உள்ளபடி எழுத வேண்டும். இந்தப் பழப் பழக்கத்தில் ஏதோ இருக்கிறது. ஆரம்பத்தில் விளையாட்டாகத்தான் வந்தேன். இருபது நாளாக ஒரு பழத்தைக் கையில் எடுத்தால் அதைத்தான் பார்க்கிறேன். அவசரம் இல்லை. அடுத்து ரசம் வரவேண்டும், மோர் வரவேண்டும் என்று அடுக்களைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சப்பையாக இருந்தால் சப்பை. அதைக் கடவுளிடம்தான் சொல்ல வேண்டும். அவரோ நோட்டைப் பார்க்கிற ஆள் இல்லை. குறை சொல்லுவதற்கு ஆள் இல்லாமல் போனதும், குறை சொல்லுகிற வாய்க்கு வேலை இல்லை. அது ருசி பார்க்க ஆரம்பித்துவிட்டது.

இன்று அந்தச் சுளையைத் தின்றுவிட்டு நோட்டை எடுத்து, 'நன்றாக இருந்தது' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். என் கையால் நான் இப்படி எழுதி இதுவரை பார்த்ததில்லை. யாருமே செய்யாத ஒரு பழத்துக்கு எழுதியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூன் 28

முப்பத்தாறும் முடிந்தது. ஒரு வரிகூட இல்லை.

2008 ஆகஸ்டில், 'பொங்கல் 6.40. குழைவு போதாது' என்று இருக்கிறது. அதற்கு முந்தைய பதினெட்டு நாளும் ஓட்டல் சாப்பாட்டைத் திட்டியிருக்கிறேன். அவளுக்கு டைபாய்டு. எழுந்த மறுநாள் வைத்த பொங்கல் அது. படித்துவிட்டு டைரியைக் கவிழ்த்து வைத்தேன். பரணில் உட்கார்ந்து அவளும் அந்தப் பக்கத்தைப் படித்திருப்பாள்.

ஜூன் 30

இன்று செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் பிறகு பதிவேடு என்பதற்கு என்ன அர்த்தம்?

1991 டைரியில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. அக்டோபர் 30. ஒரு நாள் விடாமல் எழுதியதாகத்தான் நான் நினைத்திருந்தேன், எப்படியோ விட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் மனதில் ஒரு குறுகுறுப்பு. அந்தக் காலத்து மைப்பேனாவைத் தேடி எடுத்தேன். அது எழுதவில்லை. வெந்நீரில் கழுவினால் சரியாகும். வெந்நீருக்கு நெருப்பு வேண்டும். வெயிலில் வைத்த தண்ணீரில் கழுவினேன். மை வாங்கி வந்து நிரப்பினேன். என் பழைய கையெழுத்தில், கொஞ்சம் சாய்த்து எழுதினேன்:

'இன்று உலகம்மாள் வைத்த சொதி பிரமாதம். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.'

இரண்டு தடவை என்பது நம்பகத்தன்மைக்காகச் சேர்த்தது. வெயிலில் காயவைத்து, தேயிலைத் தூளை லேசாகத் தடவி மங்கலாக்கினேன். மாலை 5.05க்குப் போட்டோ எடுத்துப் பகவதிக்கு அனுப்பினேன். நாளைக் காலை மதுரையில் 5.30 வண்டியில் ஏறினால் 9.30க்கு வந்துவிடுவாள்.

ஜூலை 1

9.30க்குப் பஸ் வந்தது. உலகம்மாள் வரவில்லை. போன் வந்தது.

"அப்பா, அந்தத் தேதிய இன்னொரு தடவ பாருங்க."

"அக்டோபர் முப்பது. ஏன்?"

"அன்னிக்கு நான் பொறந்தேன்."

பகவதிக்கு ஐப்பசி பூசம். வருடா வருடம் நட்சத்திரம் பார்த்துத்தான் கோயிலில் அர்ச்சனை செய்கிறோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது பற்றவில்லை என்று நான்தான் மே 31 என்று எழுதிக் கொடுத்தேன். சர்ட்டிபிகேட்டில் இன்றுவரை அதுதான். பூசம் தெரியும், மே 31 தெரியும். நடுவில் உண்மையான இங்கிலீஷ் தேதி ஒன்று இருப்பதை யார் ஞாபகம் வைத்திருந்தது?

"அம்மா அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்தாளாம். சொதி வச்ச உலகம்மா யாருன்னு கேக்கா. ரெண்டு தடவ வேற வாங்கிச் சாப்பிட்டீங்களாம்."

போனை வைத்துவிட்டேன். பதினெட்டாம் நம்பர் வண்டி ஆற்றில் இறங்கிய நாளில்கூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

ஜூலை 2

அந்தப் பக்கம் ஏன் காலியாக இருந்தது என்று இன்று ஞாபகம் வந்துவிட்டது. தகவல் கிடைத்ததும் டியூட்டியை அப்படியே விட்டுவிட்டு, உலகம்மாளின் தாய்வீடு இருந்த அம்பாசமுத்திரத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டைரியை எடுத்துப் போகவில்லை. காலையிலிருந்து சாப்பிடவில்லை, பசிக்கவும் இல்லை. உலகம்மாள் பக்கத்தில் துணியில் சுற்றி ஒன்று கிடந்தது. "பூசம்" என்றாள். நான் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டேன். மணி என்ன என்று பார்க்கவே இல்லை.

முப்பத்தாறு வருடத்தில் நான் ஒன்றுமே எழுதாமல் விட்ட ஒரே பக்கம் அதுதான். அதை அப்படியே வெறுமையாகக் காட்டியிருந்தாலே அவளுக்குப் புரிந்திருக்கும். நானே அதில் பொய்யை எழுதிக் கெடுத்துவிட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

மன்றக் கூட்டம். நாற்பத்தெட்டாம் நாள் என் வீட்டு வாசலிலேயே விழா நடத்தி, எனக்குப் பொன்னாடை போர்த்தி 'கனிச்செல்வர்' என்று பட்டம் தருவதாகத் தீர்மானம். வேண்டாம் என்றேன். பணிவு என்று குறித்துக்கொண்டார்கள். தபால்காரர் மட்டும், "அவலு சாப்பிட விடாதவருக்குப் பட்டமா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

மாலையில் பகவதி போன். நான் சாமியாராகிவிட்ட செய்தி மதுரை வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

"நெருப்பத் துறந்துட்டீங்களாமே அப்பா? அம்மாட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கா. சிலிண்டர் ஜூன் ஒண்ணு ரெண்டு வாக்குல தீந்திருக்கும்னு அப்பமே தெரியுமாம். ரெகுலேட்டர் மாட்டத் தெரியாம நிப்பீங்கன்னும் தெரியுமாம்."

சிரித்தாளா என்று இரண்டாம் தடவை கேட்டேன். ஆமாம் என்றாள். அதோடு, "சிரிச்சா சரியாப் போச்சுன்னு நெனச்சுக்கிடாதீங்க. வரி கெடச்சுச்சான்னு கேட்டுட்டுத்தான் உள்ள போனா" என்றாள்.

ஜூலை 11

காலை 11.00 மணி. நானே போன் செய்து உலகம்மாளிடம் கொடு என்றேன். ஐம்பத்து மூன்று நாளில் இதுதான் முதல் தடவை. எழுதி வைத்துக்கொண்டு பேசலாம் என்று ஒரு தாளில் எழுதியும் இருந்தேன். குரலைக் கேட்டதும் தாள் எங்கேயோ போய்விட்டது.

"உலகு."

"சொல்லுங்க."

"எல்லா டைரியும் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஒரு வரிகூட இல்ல. அந்தச் சொதி நான் பொய்யா எழுதினது. அன்னிக்குப் பக்கம் காலியாக் கெடந்துச்சு. உன்னையும் பிள்ளையையும் பாக்க ஓடியாந்ததுல டைரிய மறந்துட்டேன். வேற ஒண்ணும் என்ட்ட இல்ல உலகு. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எழுதத்தான் செய்யல."

"ம்."

"எழுதியிருக்கணும்."

"ஆமா" என்றாள். பிறகு, "சரி, வெயிலு ஏறுது, வச்சிருதேன்" என்று வைத்துவிட்டாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அழுதேன் என்று எழுதுவதில் இப்போது எனக்கு வெட்கம் இல்லை.

ஜூலை 17

ஆடி பிறந்தது. புது ஜோடிகளை இந்த மாதம்தான் பிரித்துவைப்பார்கள். நாங்கள் வைகாசியிலேயே முடித்துவிட்டோம்.

ஜூலை 20, சனி

முழுவதையும் எழுதிவிட வேண்டும்.

8.45க்கே மன்றத்தார் வந்துவிட்டார்கள். வாசலில் நாற்காலிகள், ரம்புட்டான் ஒரு தட்டு, மங்குஸ்தான் ஒரு தட்டு. மேலத்தெருப் பெண்களும் வந்திருந்தார்கள். தட்டை எறிகிறவரையும் கூட்டி வந்திருந்தார்கள். அவர் சாதுவாகத்தான் இருந்தார். 9.15க்கு விசில். என்னை நடுவில் உட்காரவைத்துத் திரவியம் சார் பத்து நிமிடம் பேசினார். அந்தப் பேச்சில் வந்த மகானை எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது.

"இப்ப ஐயா தன் அனுபவத்தச் சொல்லுவாரு. நெருப்பத் துறக்கணும்னு எப்படி அண்ணாச்சி ஒங்களுக்குத் தோணிச்சு?"

எழுந்தேன். இனி ஒரு பொய் எழுதவும் தெம்பில்லை, பேசவும் தெம்பில்லை.

"எனக்கு ரெகுலேட்டர் மாட்டத் தெரியாது" என்றேன்.

திரவியம் சார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கவனிச்சீங்களா? ரெகுலேட்டர்! புலன்களுக்கு மாட்டுத ரெகுலேட்டர்! எவ்வளவு பணிவாச் சொல்லுதாரு!"

கைதட்டல்.

"இல்ல சார். நெசமாவே சிலிண்டர் காலி."

"ஆகா! இந்த ஒடம்பு ஒரு காலி சிலிண்டர்!"

"புதுச மாட்டப் போனேன். உஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு. பயந்து வெளிய ஓடியாந்துட்டேன்."

"பிராணன்!" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். தபால்காரர்தான். அவர்கூட உருகிவிட்டார். நான் வாயைத் திறக்கத் திறக்க ஞானம் பெருகிக்கொண்டே போனது. பொய் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் அதைவிட அதிகமாக நம்புகிறார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

அப்போதுதான் கேட்டுக்கு வெளியே பார்த்தேன். கையில் பையோடு உலகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பொன்னாடையை விரித்தபடி திரவியம் சார் வந்தார். அவரைத் தாண்டி இறங்கிப் போனேன். வேட்டியைக் கயிறு தாங்கியது. இரண்டடி தூரத்தில் நின்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எளச்சுட்டீங்க."

"ம்."

"அன்னிக்குப் போன்ல உள்ளதச் சொன்னீங்க. அதான் வந்தேன். ஆனா மனசு இன்னும் ஆறல. நாலு நாள் இருந்து பாப்பேன். இல்லன்னா திரும்பப் போயிருவேன்."

பின்னால் மொத்தக் கூட்டமும் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. அரசாங்கக் கடிதங்களில் நிறைய எழுதியிருக்கிறேன். அது வாய்க்கு வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் சிலேட்டுக்குச்சிக்குச் சண்டை போட்டுவிட்டு, மறுநாள் பேச வழி தெரியாமல் நிற்போமே, அப்போது சொல்லுகிற சொல்தான் வந்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து அவள் முன்னால் நீட்டினேன்.

"உலகு, பழம் விட்டுருவமா?"

திரவியம் சார் வாயிலிருந்து விசில் நழுவியது.

"என்னது! பழத்த விடப் போறீங்களா? நாப்பத்தெட்டாம் நாள்லயா அண்ணாச்சி?"

உலகம்மாள் பையைக் கீழே வைத்தாள். அறுபது வயது; கண்ணில் தண்ணீர்; முகத்தில் சிரிப்பை அடக்கிய வீம்பு. என் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்கே திரும்பி நடந்துவிடுவாளோ என்று விரலை மடக்காமலே நின்றேன். பிறகு தன் இரண்டு விரலையும் சேர்த்து என் விரலைத் தொட்டாள்.

"பழம்" என்றாள். "ஆனா இன்னிக்குச் சோறு பொங்குதது நீங்க. ரெகுலேட்டர் மாட்டுதது எப்படின்னு ஒரு தடவதான் சொல்லித் தருவேன்."

உள்ளே போனோம். அந்த உஸ் சத்தம் வந்தபோது நான் ஓடவில்லை. அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள், டக்கென்று உட்கார்ந்துவிட்டது. வாசலில் திரவியம் சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எத விட்டாலும் பழத்த மட்டும் விட்டுராதீங்க அண்ணாச்சி, மனுசனக் கரையேத்துதது பழம் ஒண்ணுதான்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை.